அகால மரணத்துக்கும் ஒரு சிரிப்பு

தென் கொரியாவின் தென்மேற்குக் கோடியில் இருக்கும் ஜிந்தோ தீவில், சாவு வீட்டு முற்றத்தில் ஆடப்படும் கூத்து ஒன்று உண்டு. அதற்குத் தஸிரேகி என்று பெயர். மறுநாள் பாடை தூக்க வந்தவர்களும் கூத்துக்காரர்களும் சேர்ந்து, முதல்நாள் இரவில் ஆடுவது. கண் தெரியாத ஒருவன், பிள்ளைத்தாச்சியான அவன் மனைவி, அவளோடு தொடுப்பு வைத்திருக்கும் ஒரு பிக்கு ஆகியோர் அதன் முக்கியப் பாத்திரங்கள். பிணம் கிடக்கும் வீட்டிலேயே அவளுக்கு இடுப்பு வலி காண்கிறது, பிள்ளை பிறக்கிறது, அது யாருக்குப் பிறந்தது என்று சண்டை மூள்கிறது. துக்கம் காக்கும் மகன் வாய்விட்டுச் சிரித்துவிட்டால் கூத்து பலித்தது என்று அர்த்தம். கொரிய அரசு 1985-இல் இதைத் தன் மரபுக் கலைகளின் பட்டியலில் சேர்த்தது. பழைய கொரியப் பாடைகளில் கொக்து என்ற மரப்பொம்மைகள் வரிசையாக நிற்கும். வழிகாட்டியும் காவலாளியும் மட்டும் அதில் இருப்பதில்லை; தலைகீழாக நிற்கும் கழைக்கூத்தாடியும் வாத்தியக்காரனும்கூட உண்டு. உயிரைக் கொண்டுபோக வரும் தூதர்களுக்கு வாசலில் சோறும் காசும் வைக்கோல் செருப்பும் வைப்பார்கள். நெடுந்தூரம் நடக்க வேண்டியவர்கள், பசியாறிப் போனால் இறந்தவரிடம் கொஞ்சம் இரக்கமாக நடந்துகொள்வார்கள் என்ற எண்ணம்தான். சாவையும் சிரிப்பையும் ஒரே முற்றத்தில் உட்கார வைப்பது, கொரியர்களுக்குத் தொலைக்காட்சி கற்றுக்கொடுத்த பழக்கம் இல்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் அந்தச் சிரிப்புக்கு ஒரு நிபந்தனை இருந்தது. தஸிரேகி எல்லாச் சாவுக்கும் ஆடப்படவில்லை. நிறைய வயது வாழ்ந்து, பேரன் பேத்தி எடுத்து, படுக்கையில் கண் மூடியவருக்குத்தான் அந்த மரியாதை. நாம் கல்யாணச் சாவு என்று சொல்வதைக் கொரியர்கள் ஹோசாங் என்பார்கள். ஹோசாங் நடந்த வீட்டில் சிரிக்கலாம். மற்ற வீட்டில் சிரிப்புக்கு இடமில்லை. கல்யாணம் ஆகாமல் இறந்த பெண், பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே போன தாய், பெற்றோருக்கு முந்திக்கொண்ட மகன், கொலையுண்டவர், தானே உயிரை முடித்துக்கொண்டவர் ஆகிய யாருக்கும் கூத்து கிடையாது. ஜேசா என்ற முன்னோர் வழிபாட்டைச் செய்ய வேண்டியது சந்ததி. சந்ததி இல்லாதவருக்கு யார் சோறு படைப்பது? கன்ஃபூசிய ஒழுக்கத்தில் பெற்றோருக்கு முன்பே இறப்பது பிள்ளையின் குற்றமாகக்கூடக் கருதப்பட்டது. இழப்பு எங்கே மிகக் கொடியதோ அங்கே சடங்கு கைவிரித்தது. அந்த வெற்றிடத்தில்தான் பேய்கள் பிறந்தன.

கொரியப் பழங்கதைகளின் புகழ்பெற்ற பேய்கள் எல்லோருமே இப்படி வெளியே நிறுத்தப்பட்டவர்கள். மிர்யாங் ஊரின் ஆராங், கொலையுண்ட இளம்பெண். புதிதாக வரும் ஒவ்வொரு நீதிபதியிடமும் நியாயம் கேட்டு இரவில் வருகிறாள். அவளைக் கண்ட அச்சத்திலேயே ஒவ்வொருவராக இறந்துபோகிறார்கள். பயப்படாமல் உட்கார்ந்து கேட்க ஒருவர் வாய்க்கும்வரை அவள் வந்துகொண்டே இருக்கிறாள். ஜாங்ஹ்வாவும் ஹோங்ரியோனும் சின்னம்மாவின் சூழ்ச்சியால் உயிரிழந்த அக்கா தங்கை. அவர்களுடைய வழியும் நீதிபதியின் வாசல்தான். வெள்ளைத் துக்க உடை, அவிழ்ந்து முகத்தை மறைக்கும் கூந்தல் என்று கல்யாணம் ஆகாத பெண்பேயின் உருவம் கொரிய மனதில் உறைந்திருந்தது. 1977 முதல் கே.பி.எஸ். தொலைக்காட்சியில் ஓடிய 'ஊர்ப்புறக் கதைகள்' தொடர் அந்த உருவத்தை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. இந்தக் கதைகளுக்குள் ஆழ்ந்த நீதியுணர்ச்சி இருக்கிறது, சந்தேகமில்லை. ஆயினும் கேட்பவருக்கும் பேய்க்கும் நடுவில் அச்சம் என்ற சுவர் நின்றது. ஆராங்கின் வழக்கு தீர்ந்தது. அவளுக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும், எதைக் கண்டால் சிரிப்பாள், யாரோடு சண்டை போடுவாள் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

கடந்த பதினைந்து ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கும் கொரிய அமானுஷ்ய நகைச்சுவைக் கதைகள் இந்தக் கேள்விகளைத்தான் கேட்கின்றன. குடும்பத்தையும் இழப்பையும் பற்றிய இந்தப் படங்களும் தொடர்களும் கொரியாவுக்கு வெளியே, நம் வீடுகளிலும்கூட, இத்தனை பேரை ஏன் கட்டிப்போடுகின்றன என்று விளக்க முயல்பவர்கள் பொதுவாக இரண்டு காரணங்கள் சொல்கிறார்கள். இறந்தவர் எங்கோ இருக்கிறார் என்ற ஆறுதல் ஒன்று. அழுகையைச் சிரிப்பில் கலந்து கொடுக்கும் கைத்திறன் இன்னொன்று. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. என் வாதம் வேறு. கல்யாணச் சாவுக்கு மட்டும் இருந்த சிரிப்பின் உரிமையை இந்தக் கதைகள் அகால மரணத்துக்கும் எடுத்துக் கொடுக்கின்றன. எவருக்கு முறையான வழியனுப்புதல் மறுக்கப்பட்டதோ, அவரை அச்சத்திலிருந்து மீட்டு, குறையும் குறும்பும் உள்ள வீட்டு மனிதராக மறுபடி நம் முன் நிறுத்துகின்றன. மனிதராக மீண்டவரிடமிருந்துதான் விடைபெற முடியும். இவற்றின் ஈர்ப்பு அங்கேதான் இருக்கிறது.

கிம் யோங்-தாக் இயக்கிய 'ஹலோ கோஸ்ட்' (2010) படத்தைப் பார்ப்போம். சா தே-ஹ்யூன் நடித்த சாங்-மான், உறவென்று யாரும் இல்லாத அநாதை. சாக முயன்று பிழைத்தவன், மருத்துவமனையில் கண் விழிக்கும்போது நான்கு பேய்கள் அவனை ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஓயாமல் புகைக்கும் ஒரு மனிதர், பெண்களைக் கண்டால் வழியும் ஒரு கிழவர், எப்போதும் அழும் ஒரு பெண், தின்பண்டத்துக்கு அலையும் ஒரு சிறுவன். அவர்களுடைய ஆசைகளை நிறைவேற்றினால்தான் போவார்கள் என்று தெரிகிறது. ஆசைகளோ மிகச் சின்னவை: ஒரு பழைய கேமரா, கடலில் ஒரு நீச்சல், திரையரங்கில் ஒரு கார்ட்டூன் படம், கூடி உட்கார்ந்து ஒரு வேளைச் சாப்பாடு. பேய்கள் அவன் உடலுக்குள் புகும்போதெல்லாம் படம் கோமாளித்தனமாகிறது. கடைசிச் சில நிமிடங்களில் எல்லாம் தலைகீழாகிறது. கிம்பாப் என்ற சோற்றுச் சுருளில் வழக்கமான கீரைக்குப் பதில் மினாரித் தண்டு இருப்பதைப் பற்றிய ஒரு சாதாரணக் கேள்வியில் அவனுக்கு நினைவு திறந்துகொள்கிறது. சின்ன வயதில் நடந்த விபத்தில் அவனைத் தவிர இறந்துபோன அப்பா, தாத்தா, அம்மா, அண்ணன்தான் அந்த நால்வரும். கிம்பாப்பில் மினாரி வைப்பது அவன் அம்மாவின் கைப்பழக்கம்.

இந்தத் திருப்பத்தைத் தந்திரம் என்று சொல்லி நகர்ந்துவிடலாம். ஆனால் அது என்ன செய்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாக நாம் அந்த நால்வரைக் கண்டு சிரித்திருக்கிறோம். அவர்களால் எரிச்சலும் பட்டிருக்கிறோம். இறந்துபோன அப்பா என்று முதலிலேயே சொல்லியிருந்தால் அவருடைய சிகரெட்டைக் கண்டு நமக்கு எரிச்சல் வந்திருக்காது. துக்கம் உடனே அவரைப் புனிதராக்கியிருக்கும். படம் அந்த வாய்ப்பை நமக்குக் கொடுக்கவில்லை. முதலில் உடன் வாழ வைக்கிறது. யார் என்று பிறகுதான் சொல்கிறது. ஆக, சாங்-மானுக்குத் திரும்பக் கிடைப்பது குடும்பம் என்ற பெரிய சொல் மட்டுமில்லை. புகை நாற்றமும் தொணதொணப்பும் பிடிவாதமுமாக, ஒரே வீட்டில் புழங்கிய நான்கு பேர் கிடைக்கிறார்கள். நினைவு இல்லாததால் அவனால் துக்கப்படக்கூட முடியாமல் இருந்தது. சிரிப்பு அவனுக்கு முதலில் நினைவைத் தந்தது. அழுகைக்கான தகுதி அதன் பிறகு வந்தது.

யூ ஜே-வோன் இயக்கிய 'ஓ மை கோஸ்ட்' (2015) தொடர், பழைய அச்சத்தின் நடு நெற்றியையே குறிவைக்கிறது. கிம் சுல்-கி நடித்த சூன்-ஏ, கல்யாணம் ஆகாமல் இறந்த பெண்பேய்; கூந்தலை விரித்துக்கொண்டு வந்து நிற்க வேண்டியவள். ஆனால் அவள் வாயாடி, ஆசைக்காரி, கூச்சமற்றவள். ஆண் துணை அறியாமல் போனதுதான் தன் குறை என்று நம்பி, பேய்களைக் காணும் சக்தியுள்ள ஒரு கூச்ச சுபாவிப் பெண்ணின் உடலில் ஏறிக்கொள்கிறாள். அந்தப் பெண்ணாக வரும் பார்க் போ-யோங் ஒரே முகத்தில் இரண்டு பெண்களாக மாறிக் காட்டும் நடிப்பில் தொடரின் முக்கால்வாசி கலகலப்பு இருக்கிறது. கதை போகப் போக, தன் சாவின் காரணமே அவளுக்கு நினைவில்லை என்பதும், அவள் கொலை செய்யப்பட்டவள் என்பதும் தெரியவருகிறது. இடையில், சின்னச் சாப்பாட்டுக் கடை நடத்தும் அவள் அப்பா, மகளை இழந்த வீட்டில் நாட்களைத் தள்ளிக்கொண்டிருக்கிறார். ஆராங்கின் கதைதான் இது. ஆனால் வழக்கு தீர்வதற்கு முன்பே அவளை நமக்குப் பிடித்துப்போய்விடுகிறது. நீதி கிடைக்கும்போது ஒரு பேயின் கோபம் தணிவதைக் காட்டிலும், நமக்கு வேண்டிய ஒருத்திக்கு நியாயம் கிடைத்ததை நாம் உணர்கிறோம்.

அதே இயக்குநரின் 'ஹை பை, மாமா!' (2020) இந்த வகையின் துணிச்சலான படைப்பு என்பேன். கிம் தே-ஹீ நடித்த சா யூரி, நிறை கர்ப்பிணியாக இருக்கும்போது விபத்தில் இறந்தவள். குழந்தை பிழைத்துக்கொள்கிறது. ஐந்து ஆண்டுகளாக அவள் மகளைச் சுற்றிச் சுற்றி வருகிறாள். தாயின் நிழலில் வளர்ந்ததாலேயே குழந்தைக்குப் பேய்கள் கண்ணில் படத் தொடங்குகின்றன. ஒரு நாள் யூரிக்கு உடல் திரும்பக் கிடைக்கிறது. 49 நாட்களுக்குள் தன் பழைய இடத்தை மீட்டுக்கொண்டால் மனுஷியாகவே இருந்துவிடலாம். ஆனால் அந்த இடத்தில் இப்போது கணவனின் இரண்டாம் மனைவி ஓ மின்-ஜோங் இருக்கிறாள். ஜாங்ஹ்வா கதை முதலாகக் கொரியக் கதைமரபில் சின்னம்மா என்றால் கொடியவள். இந்தத் தொடரில் மின்-ஜோங் பேச்சில் சுருக்கமானவள், ஊராரால் தப்பாக நினைக்கப்படுபவள், அந்தக் குழந்தையை உள்ளபடியே நேசிப்பவள். தாய்ப்பேயும் சின்னம்மாவும் எதிரெதிரே நிற்க வேண்டிய கதையில் இருவரும் தோழிகளாகிறார்கள். யூரி தன் மகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவிடும் கூலி வேலைக்கு மின்-ஜோங்கிடமே சேர்கிறாள். பெற்ற தாய் சம்பளத்துக்குப் பிள்ளை பார்க்கிறாள். இதைவிடக் கசப்பான நிலைமை இருக்க முடியாது. தொடரோ அதை ஒளிதலும் மாட்டுதலும் சமாளித்தலுமாக நகைச்சுவையில் நடத்துகிறது. அந்த நகைச்சுவைதான் யூரியைப் பழிவாங்கும் பேயாகிவிடாமல் காப்பாற்றுகிறது. தன்னைப் பார்த்துச் சிரிக்க இடம் கொடுக்கும் ஒருத்தியால்தான், இன்னொருத்தி தன் பிள்ளைக்குத் தலைவாருவதைப் பொறுத்துக்கொள்ள முடியும்.

இந்தக் கதைகள் எங்கிருந்து இந்தத் தைரியத்தைப் பெற்றன? கன்ஃபூசிய ஜேசா கைவிட்டவர்களைக் கொரியாவில் முழுவதும் கைவிடாமல் வைத்திருந்தது குட் என்ற சாமியாட்டச் சடங்கு. முதாங் என்ற பூசாரிப் பெண்ணின் வாய் வழியாக இறந்தவர் பேசுவார். குடும்பம் அழும், கோபிக்கும், மன்னிப்புக் கேட்கும், நடுநடுவே சிரிக்கவும் செய்யும். ஜிந்தோவின் ஸித்கிம்-குட் சடங்கில் இறந்தவரின் ஆவியைக் கழுவித் தூய்மையாக்கி, வெள்ளைத் துணியின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, அந்தத் துணியையே பாதையாக விரித்து அனுப்பிவைப்பார்கள். 1970-களில் பார்க் சுங்-ஹீ ஆட்சியின் சேமாவுல் இயக்கம் கிராமங்களைப் புதுக்கிறோம் என்று கிளம்பியபோது இத்தகைய சடங்குகள் மூடநம்பிக்கை என்று விரட்டப்பட்டன. பிறகு அதே அரசு சிலவற்றை மரபுச் செல்வம் என்று பட்டியலில் ஏற்றியது. இதற்கிடையில் சாவு வீட்டிலிருந்து மருத்துவமனைகளை ஒட்டிய சடங்கு மண்டபங்களுக்கு இடம் மாறிவிட்டது; மூன்று நாளில் எல்லாம் முடிகிறது. 1990-களின் தொடக்கத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான் எரியூட்டப்பட்டார்; இன்று பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தகனம்தான். 'ஹை பை, மாமா!' தொடரின் பேய்கள் கல்லறை மேடுகளை விட்டு, அஸ்திக் கலசங்களை வரிசையாக அடுக்கிய மாட மண்டபத்தில் அண்டை வீட்டாரைப் போலக் குடியிருப்பது அந்த மாற்றத்தின் துல்லியமான பதிவு. முதாங்கின் உடலில் நடந்த காரியம் இப்போது நடிகரின் உடலில் நடக்கிறது. சா தே-ஹ்யூன் தன் ஒற்றை உடலில் ஐந்து பேராக மாறுவதையும் பார்க் போ-யோங் வேறொருத்தியின் குரலில் பேசுவதையும் பார்த்துச் சிரிக்கும் பார்வையாளர், தம்மை அறியாமல் ஒரு பழைய சடங்கின் முற்றத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

சிரிப்புக்கு ஏன் இந்த வல்லமை? சாவு ஒரு மனிதரை எடுத்துக்கொண்டு ஒரு படத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறது. கொரியச் சடங்கு மண்டபத்தில் வெள்ளைச் செவ்வந்திகளுக்கு நடுவே கறுப்பு நாடா கட்டிய அந்தப் படத்தைக் கும்பிட்டுத்தான் எல்லோரும் நகர்கிறார்கள். படத்திலிருக்கும் முகத்துக்குப் பசிக்காது, கோபம் வராது, அது பொய் சொல்லாது, தப்பும் செய்யாது. அதனிடம் சண்டை போடவும் முடியாது, சமாதானம் ஆகவும் முடியாது. குற்ற உணர்வு இவ்வளவு ஆழமாக நம்முள் இறங்குவதற்குக் காரணம், நாம் தவறு செய்த ஆள் மறைந்து குறையே இல்லாத ஒரு படம் அந்த இடத்தில் வந்துவிடுவதுதான். 'அவர் சீசன்' (2023) படத்தில் கிம் ஹே-சூக் நடித்த அம்மா, இறந்து மூன்று ஆண்டுகள் கழித்து மேலுலகத்திலிருந்து மூன்று நாள் விடுப்பில் வருகிறாள். அமெரிக்காவில் பேராசிரியையாக இருக்கிறாள் என்று அவள் பெருமைப்பட்ட மகள், வேலையை விட்டுவிட்டு ஊரில் அம்மாவின் பழைய அடுப்படியில் சோறு சமைத்து விற்றுக்கொண்டிருக்கிறாள். அம்மாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பேசவும் தொடவும் கூடாதென்பது விதி. யாருக்கும் கேட்காமல் கத்துகிறாள், நாம் சிரிக்கிறோம். சிறு வயதில் தன்னை மாமா வீட்டில் விட்டுப்போன அம்மா மேல் மகளுக்கும் ஆறாத கோபம் இருக்கிறது. அந்தக் கோபத்துக்கு உரியவள் படத்திலிருந்து இறங்கிவந்து கத்தும்போதுதான் இருவருக்கும் நடுவில் இருந்த உறவு மறுபடி உறவாகிறது. அழுகை இறந்தவரை உயர்த்துகிறது. சிரிப்பு அவரை நம் மட்டத்துக்குக் கொண்டுவருகிறது. கண்ணோடு கண் பார்த்து விடைகொடுக்க அந்த மட்டம் தேவை.

இதற்கு முதல் மறுப்பு கொரியாவிலிருந்தே வரும். கண்ணீரைக் கட்டாயமாகக் கறக்கும் மிகையுணர்ச்சிப் படைப்புகளை அங்கே ஸின்பா என்று விமர்சகர்கள் ஒதுக்குகிறார்கள். 2017-இல் வெளிவந்த 'அலாங் வித் த காட்ஸ்' படத்துக்கும் அந்தக் குற்றச்சாட்டு எழுந்தது. ஏறத்தாழ 5 கோடிப் பேர் வாழும் நாட்டில் 1 கோடியே 40 லட்சத்துக்கும் மேலான நுழைவுச்சீட்டுகள் விற்ற படம் அது. தீயணைப்பு வீரன் ஒருவனின் ஆவி 49 நாட்களில் ஏழு நரகங்களில் விசாரிக்கப்படுகிறது. அவனுடைய வாய் பேசாத தாய்க்கு அவன் இழைத்த குற்றம் கடைசியில் வெளிவருகிறது. அதன் இறுதிக் காட்சிகளில் இசையும் கண்ணீரும் அளவு மீறுகின்றன என்பது உண்மை. நான் அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குற்றச்சாட்டு நல்லதையும் கெட்டதையும் பிரிக்க ஓர் அளவுகோலைத் தருகிறதே தவிர, வகை முழுவதையும் தள்ளிவிடக் காரணமாகாது. சிரிப்பு அழுகைக்கு முன்னேற்பாடாக மட்டும் நின்றுவிடும் இடத்தில் படைப்பு கையைப் பிடித்துக் கண்ணைப் பிழிகிறது. சிரிப்பின் வழியாக அந்த ஆளையே நாம் அறிந்துகொள்ளும் இடத்தில் கண்ணீர் அறிவின் விளைவாக வருகிறது. மினாரித் தண்டுக்குப் பின்னால் நான்கு மனிதர்களோடு நாம் வாழ்ந்த நேரம் இருக்கிறது. தீயணைப்பு வீரனுடைய தாயின் கண்ணீருக்குப் பின்னால் தாய் என்ற பட்டம்தான் பெரும்பாலும் இருக்கிறது. இரண்டும் ஒன்றாகிவிடாது.

இறந்தவர் திரும்பி வருவதாகக் கதை கட்டுவது சாவை ஏற்க மறுப்பது, மனம் முதிராதவர்களுக்கான மருந்து என்பது இரண்டாவது மறுப்பு. இந்தக் கதைகளின் விதிகளைக் கவனித்தால் நிலைமை நேரெதிர் என்று தெரியும். 49 நாள், மூன்று நாள், நிறைவேற்ற வேண்டிய நான்கு ஆசைகள் என்று எங்கும் ஒரு கெடு இருக்கிறது. இறந்தபின் ஏழு வாரம் ஆவிக்கு நடுவழிக் காலம் என்ற பௌத்த நம்பிக்கை கொரியாவில் இன்றும் 49-ஆம் நாள் சடங்காக நடைமுறையில் இருப்பதால் இந்தக் கெடு வெறும் கதை உத்தியாகவும் ஒலிப்பதில்லை. அகால மரணத்தின் கொடுமையே கெடு இல்லாமல் நேர்வதுதான். கதை அந்தத் தவறிப்போன கெடுவைக் கொடுத்து, அதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லச் சொல்கிறது. கெடு முடிந்ததும் போயாக வேண்டும். வாரம் இரண்டு பகுதி வீதம் பதினாறு பகுதிகள், ஏறக்குறைய இரண்டு மாதம் ஓடும் தொடர் வடிவம், பார்வையாளருக்கும் ஒரு துக்ககாலத்தை அமைத்துத் தருகிறது. 'ஹை பை, மாமா!' 2020 பிப்ரவரி 22 முதல் ஏப்ரல் 19 வரை ஒளிபரப்பானது. கொரியாவில் கொரோனாவின் முதல் சாவு அறிவிக்கப்பட்ட அதே வாரத்தில் தொடங்கியது. அந்நோயில் இறந்தவர்களை முதலில் தகனம் செய்துவிட்டுப் பிறகு சடங்கு நடத்துங்கள் என்று அரசு சொன்ன மாதங்கள் அவை. முகம் பார்க்காமல் பிரிந்த வீடுகள் இருந்த நாட்டில், முகம் பார்க்கத் திரும்பிவந்து, பிறகு தானே புறப்பட்டுப்போகும் ஒருத்தியின் கதை சாவை மறுத்தது என்று எப்படிச் சொல்வது?

மூன்றாவது மறுப்புதான் கனமானது. அதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. யூரி கடைசியில் உயிரை விட்டுக்கொடுக்கிறாள். தான் இருந்தால் மகள் வாழ்நாள் முழுக்கப் பேய்களைப் பார்த்துக்கொண்டே இருப்பாள் என்று தெரிந்ததும் விலகிப்போகிறாள். ஒரே பெண் பிள்ளைக்காக இரண்டு முறை சாக வேண்டியிருக்கிறது. 'மிஸ்டிக் பாப்-அப் பார்' (2020) தொடரில், ஜோசன் அரசாட்சிக் காலத்தில் இறந்த வோல்-ஜு, தெருவோர மதுக்கடை வைத்து ஒரு லட்சம் பேரின் மனக்குறையைத் தீர்க்க வேண்டும் என்பது தண்டனை. அவளுடைய 500 ஆண்டு உழைப்பின் அடியிலும் பிறக்காமல் போன ஒரு பிள்ளைதான் இருக்கிறது. தாய் என்றால் தியாகம் என்ற பழைய கணக்கை இந்தக் கதைகள் திரும்பத் திரும்ப எழுதுகின்றன என்ற கோபம் நியாயமானது. ஆனாலும் ஒன்றைக் கவனிக்கலாம். யூரி விட்டுக்கொடுக்கும் இடத்தில் இன்னொரு தாய் நிற்கிறாள். பெற்றவளே தாய் என்ற இரத்தக் கணக்கை அந்த முடிவு உடைக்கிறது. வோல்-ஜுவோ யாருக்கும் தலைகுனியாத கோபக்காரி; தியாகச் சிலையாக நிற்க அவள் சம்மதிப்பதே இல்லை. நகைச்சுவை இருக்கும் இடங்களில் இந்தப் பெண்கள் சுதந்திரமாக இருக்கிறார்கள். அது அடங்கும் இடங்களில்தான் பழைய தாய்மை அவர்களை இழுத்துக்கொள்கிறது. இந்த வகையின் பலவீனம் சிரிப்பைப் பாதியில் கைவிடுவதில் இருக்கிறது என்பேன்.

இன்னொரு மறுப்பு அரசியல் சார்ந்தது. 2014 ஏப்ரல் 16 அன்று சேவோல் கப்பல் மூழ்கி 304 பேர் இறந்தார்கள்; அவர்களில் 250 பேர் ஒரே பள்ளியின் மாணவர்கள். அது மூழ்கியது அதே ஜிந்தோவின் கடலில். அந்தப் பெற்றோர்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டது உண்மையும் பொறுப்பும்தான். சாவுக்குக் காரணமானவர்களைத் தேட வேண்டிய நேரத்தில் விடைபெறக் கற்றுக்கொடுக்கும் கதைகள் பொதுத் துக்கத்தை வீட்டுத் துக்கமாகச் சுருக்கிவிடாதா? சுருக்கிவிடும் ஆபத்து உண்டு. ஆனால் கொரியப் பேய்க்கதை மரபு நீதி கேட்பதிலிருந்து பிறந்தது. நகைச்சுவையாக மாறியபோதும் அது அந்த வேரை அறுத்துக்கொள்ளவில்லை. சூன்-ஏவின் கொலையாளி கண்டுபிடிக்கப்படாமல் அவளால் போக முடியவில்லை. 'அலாங் வித் த காட்ஸ்' படத்தில் தீயணைப்பு வீரனின் தம்பி, ராணுவ முகாமில் சகவீரனின் குண்டு பட்டு, உயிர் இருக்கும்போதே மேலதிகாரியால் புதைக்கப்பட்டு, ஓடிப்போனவன் என்று பழி சுமத்தப்பட்டவன். கட்டாய ராணுவப் பணி உள்ள நாட்டில் அந்தக் கதை யாருக்கும் வெறும் கற்பனையில்லை. 'மிஸ்டிக் பாப்-அப் பார்' தன் வழக்குகளை, வேலையிடத்தில் பாலியல் தொல்லைக்கு ஆளான ஒரு பெண்ணோடுதான் தொடங்குகிறது. எண்ணாகச் சொல்லப்படும் 304 பேரும் அவரவர் வீட்டில் ஒரு சண்டையும் ஒரு கேலியும் ஒரு பிடித்த பண்டமும் உள்ளவர்கள் என்று உணரும் சமூகம்தான் பொறுப்பை அழுத்திக் கேட்கும். எண்ணுக்காக யாரும் நெடுநாள் போராடுவதில்லை. தமக்குத் தெரிந்த ஒருவருக்காகப் போராடுவார்கள்.

இந்தக் கதைகளின் ஈர்ப்பைப் புரிந்துகொள்ள மறுமையை நம்ப வேண்டியதில்லை. ஒரு வாழ்க்கையின் மதிப்பை அது முடிந்த விதத்தைக் கொண்டு அளக்கும் பழக்கம் கொரியாவுக்கு மட்டும் உரியதில்லை. விபத்தில் போனவரை விபத்தாலும், உயிரை முடித்துக்கொண்டவரை அந்தச் செயலாலும், பிரசவத்தில் போனவளை அந்தப் பிரசவத்தாலும் நினைவுகூர்கிறோம். முடிவு, அதற்கு முன்னிருந்த ஆண்டுகளையெல்லாம் விழுங்கிவிடுகிறது. அப்படி விழுங்கப்பட்ட ஆண்டுகளைத் திருப்பிக் கேட்பதுதான் இந்தக் கதைகள் செய்யும் காரியம். அதற்கு அழுகை போதவில்லை. அழுகைக்கு முடிவு மட்டுமே தெரியும். அந்த ஆளின் நடை, கோபம், அசட்டுத்தனம், வாய்ருசி எல்லாவற்றையும் நினைவில் வைத்திருப்பது சிரிப்பு. எண்பது வயது வாழ்ந்தவர் சிரிக்கச் சிரிக்க நினைக்கப்படத் தகுதியானவர் என்றால், எட்டு வயதில் போன குழந்தைக்கும் இருபத்தெட்டில் போன தாய்க்கும் அதே தகுதி உண்டு. அவர்கள் வாழ்ந்ததும் முழு வாழ்க்கைதான். இதைத் துக்கத்தில் இருப்பவரிடம் நேராகச் சொன்னால் கொடுமையாக ஒலிக்கும். பதினாறு பகுதிகள் கூடவே உட்கார்ந்து, சண்டையும் சமையலும் கோமாளித்தனமுமாகக் காட்டிவிட்டுச் சொல்லும்போது, அதை ஏற்க மனம் இடம் கொடுக்கிறது.